‘இதற்குத் தனி அறிவிப்பு வேண்டும்’: பள்ளி மாணவர்களின் மாதிரி நாடாளுமன்றம் பற்றிச் சில குறிப்புகள்

நீண்ட பதிவு. ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகத் திரட்டிய குறிப்புகளில் இயலுக்குள் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது நான் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தேன். தந்தையின் பணியிட மாற்றத்தால் வட இந்திய நகரம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்திருந்த காலம் அது. பள்ளியில் இளையோர் நாடாளுமன்றப் போட்டிக்கான ஒத்திகை இரண்டு மாதங்கள் நடந்தது. ஆசிரியர் ஒருவர் இந்தியில் தட்டச்சு செய்து தந்த நாற்பது பக்க எழுத்துரு எங்கள் ஐம்பது பேரின் கையிலும் இருந்தது. அதில் எனக்குரியது ஒரே ஒரு வாக்கியம். ஊரகப் பள்ளிகளின் குடிநீர் வசதி பற்றிய முதன்மைக் கேள்வியைத் தொடர்ந்து நான் எழுந்து, ‘மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே’ என்று விளித்து, ஒதுக்கப்பட்ட நிதி முழுவதும் செலவிடப்பட்டதா என்று துணைக்கேள்வி கேட்க வேண்டும். அமைச்சர் ‘ஆம்’ என்பார். நான் அமர வேண்டும்.

இறுதி ஒத்திகையன்று, ஏன் என்று இன்றும் எனக்கே விளங்கவில்லை, அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்த பின்பும் நான் அமரவில்லை. நம் பள்ளியின் இரண்டாம் மாடிக் குழாயில் மூன்று வாரங்களாகத் தண்ணீர் வரவில்லையே, அதை அமைச்சர் அறிவாரா என்று கேட்டுவிட்டேன். அரங்கு அமைதியானது. அமைச்சராக நடித்த பதினொன்றாம் வகுப்பு அண்ணன் எழுத்துருவின் பக்கங்களை இரண்டு முறை புரட்டினார். பிறகு நிமிர்ந்து, சற்றும் தடுமாறாமல், ‘இதற்குத் தனி அறிவிப்பு வேண்டும்’ என்றார். அவைத்தலைவர் அடுத்த கேள்விக்குச் சென்றார். ஆசிரியர் கைதட்டினார். அந்த வாக்கியமும் எழுத்துருவில் இல்லை. தொலைக்காட்சியில் உண்மையான கேள்வி நேரத்தைப் பார்த்து அவர் தாமாகவே கற்றுக்கொண்டது அது. எங்கள் அவையில் அன்று நிகழ்ந்தவற்றுள் நாடாளுமன்றத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது அந்த ஒரு கணம்தான் என்று பின்னாளில் தோன்றியது. என்னிடம் மட்டும், போட்டியன்று எழுத்துருவில் உள்ளதோடு நிறுத்திக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. நிறுத்திக்கொண்டேன். பரிசும் பெற்றோம்.

முதுகலையில் மொழியியல் பயின்றபோது ஜே. எல். ஆஸ்டினின் செயல்நிகழ்த்துக் கூற்றுகள் பற்றிய பாடம் வந்தது. சில கூற்றுகள் ஒன்றைப் பற்றிச் சொல்வதோடு நிற்பதில்லை. சொல்வதனாலேயே ஒன்றைச் செய்துவிடுகின்றன. ‘அவை ஒத்திவைக்கப்படுகிறது’ என்று அவைத்தலைவர் சொன்னால் அவை ஒத்திவைக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அதே வாக்கியத்தை நாடக மேடையில் ஒரு நடிகர் சொன்னால் அது ஒரு தனி வகையில் உள்ளீடற்றுப் போகிறது என்றும், அதனால் அவ்வகைக் கூற்றுகளைத் தம் ஆராய்ச்சிக்கு வெளியே நிறுத்துவதாகவும் ஆஸ்டின் கருதினார். அவர் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய அவ்வுரைகள், அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின் 1962இல் நூலாயின. இந்தியாவில் பள்ளி மாணவர்களுக்கு மாதிரி நாடாளுமன்றம் வேண்டும் என்ற பரிந்துரை எழுந்ததும் அதே 1962இல். தொடர்பு ஏதுமற்ற தற்செயல்தான். ஆயினும் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அவையில் எழுந்து கேட்கும் கேள்வி உள்ளீடற்றதா, அதற்கு உயிர் வரவேண்டுமானால் எது மாற வேண்டும் என்ற வினாவுக்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்கு உதவியது.

அந்தப் பரிந்துரையைச் செய்தவர்கள் யார் என்பது சுவையானது. கல்வியாளர்கள் அல்லர், கொறடாக்கள். நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் சேர்ந்த கொறடாக்கள் கூடிப் பேசும் அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாடு 1952இல் இந்தூரில் தொடங்கியது. அதன் நான்காவது மாநாடு 1962இல் மும்பையில் கூடியபோதுதான் பள்ளி மாணவர்களிடையே இளையோர் நாடாளுமன்றத்தை நடத்தலாம் என்ற கருத்து பரிந்துரையானது. கொறடா என்னும் சொல்லை இங்கே சற்று நின்று நோக்கலாம். மராத்தியில் கோரடா என்றால் சாட்டை. நம் கொறடாவும் அதே பொருளில் வழங்கியதுதான். ஆங்கிலத்தில் இப்பதவிக்குரிய விப் என்னும் பெயரும் சாட்டைதான். வேட்டையில் நாய்கள் கூட்டத்தைவிட்டு விலகி ஓடாதபடி பார்த்துக்கொள்பவனின் பெயரிலிருந்து அது நாடாளுமன்றத்துக்குள் வந்தது. தம் கட்சி உறுப்பினர் உரிய நேரத்தில் அவைக்கு வந்து, உரிய பக்கத்தில் வாக்களித்துச் செல்வதை உறுதிசெய்வது கொறடாவின் பணி. அப்பணியைச் செய்தவர்களுக்குத்தான் அடுத்த தலைமுறைக்கு நாடாளுமன்றப் பழக்கம் வேண்டும் என்ற கவலை வந்தது. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவை நடக்க வேண்டும் என்று அன்றாடம் கவலைப்படுவது கொறடாவின் இயல்பு. ஆனால் ஒரு திட்டம் யாருடைய கவலையிலிருந்து பிறக்கிறதோ அவருடைய முகச்சாயல் அதில் படியாமல் இராது. திட்டத்தின் நோக்கங்களாக இன்றளவும் சொல்லப்படுபவற்றில் ஒழுங்கும், பிறர் கருத்தைப் பொறுத்துக்கொள்ளும் பண்பும், நாடாளுமன்ற நடைமுறையறிவும் முன்னிற்கின்றன. அரசை வினவும் துணிவு அவ்வளவு வெளிப்படையாக முன்வைக்கப்படுவதில்லை.

பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் இடையில் நான்காண்டுகள் ஓடின. சீனப் போர், நேருவின் மறைவு, 1965இன் மொழிப் போராட்டம், பாகிஸ்தானுடனான போர் எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கும். 1966-67ஆம் கல்வியாண்டில்தான் நாடாளுமன்ற விவகாரத் துறை தில்லிப் பள்ளிகளில் இப்போட்டியைத் தொடங்கியது. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் 1967இன் பொதுத்தேர்தல் வந்தது. பல மாநிலங்களில் காங்கிரசு ஆட்சியை இழந்தது. உறுப்பினர்கள் கட்சி தாவுவது அன்றாடச் செய்தியாயிற்று. அரியானாவில் கயா லால் என்னும் உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் மும்முறை அணி மாறியதும், ‘ஆயா ராம், கயா ராம்’ என்னும் தொடர் இந்தி வழக்கில் நிலைத்ததும் அந்த ஆண்டில்தான். தில்லியில் பள்ளிப் பிள்ளைகள் கொறடாவின் சொல்லுக்கேற்ப அமர்ந்தெழப் பழகிக்கொண்டிருந்தபோது, அடுத்த மாநிலத்தின் சட்டமன்றத்தில் கொறடாவை மதிக்க ஆளில்லை.

இதற்கு அரசமைப்பு தந்த மறுமொழி 1985இல் வந்தது. 52ஆம் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. அதன்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர், கட்சி அதைப் பதினைந்து நாள்களுக்குள் பொறுத்துக்கொள்ளாவிடில், பதவியை இழக்க நேரிடும். கட்சித் தாவலைத் தடுக்க இது தேவைப்பட்டது என்று வாதிடுவோர் பக்கம் நியாயம் உண்டு. அதன் விளைவுகளுள் ஒன்றை மட்டும் இங்கே கவனப்படுத்துகிறேன். மாதிரி அவையில் எந்தச் சட்டமுன்வடிவு நிறைவேறும் என்பது ஒத்திகையின்போதே அனைவருக்கும் தெரியும். உண்மை அவையிலும், பெரும்பான்மை உறுதியாயிருக்கும்போது, வாக்கெடுப்பின் முடிவு விவாதத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. போலி அவை உண்மை அவையைப் போல ஆவதற்கு இருபதாண்டுகள் முயன்றது. இடையில் உண்மை அவை ஓரடி எடுத்துவைத்துப் போலியின் பக்கம் வந்து நின்றுகொண்டது. என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒத்திகையில், ‘நாம் அனைவரும் எதிர்த்து வாக்களித்தால் என்ன ஆகும்?’ என்று ஆசிரியரிடம் கேட்டான். மதிப்பெண் குறையும் என்பது விடை. பத்தாம் அட்டவணையை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

திட்டத்தின் பரவலை விரைவாகச் சொல்லிவிடலாம். கேந்திரிய வித்யாலயாக்களுக்கெனத் தேசிய அளவிலான போட்டி 1988இல் வந்தது. நவோதயா பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் 1997-98இல் சேர்ந்தன. 2019 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளின் எழுபதாம் ஆண்டு நிகழ்வில், இதற்கான இணையவாயிலைக் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்தார். அதில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களின் அவைக்குக் கிஷோர் சபா என்றும், கல்லூரி மாணவர்களின் அவைக்குத் தருண் சபா என்றும் பெயர். சமற்கிருதக் கிஷோரமும் தருணமும் பருவங்களைப் பிரித்துக் காட்டும் சொற்கள். நம்மிடம் விடலை என்ற சொல் இருந்தும் அதை வசைக்கு விட்டுவிட்டுப் பதின்பருவம் என்று எண்ணைக் கொண்டு பெயரிட்டிருக்கிறோம். அது வேறொரு பதிவுக்கு உரியது.

1988 என்னும் ஆண்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆம் திருத்தம் அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை பதினாறு வயதில் மாதிரி அமைச்சராக இருந்தவர், உண்மையான வாக்குச்சீட்டைத் தொட ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன்பின் அது இரண்டாண்டாயிற்று. மக்களவைக்குப் போட்டியிட இன்றும் 25 வயது வேண்டும். அவையில் பேசப் பழகுவதற்கும் அவைக்குள் நுழைவதற்கும் இடையே பத்தாண்டு இடைவெளியை வைத்திருக்கிறோம்.

இனி மொழிக்கு வருகிறேன். என் துறை அதுதான்.

மாதிரி அவையின் நிகழ்ச்சி நிரல் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். உறுதிமொழி ஏற்பு, இரங்கல் குறிப்பு, கேள்வி நேரம், அவையில் ஆவணங்களை வைத்தல், கவன ஈர்ப்பு, சட்டமுன்வடிவு என்று அது நகரும். ஒவ்வொன்றுக்கும் உரிய வாய்பாட்டுத் தொடர்கள் உண்டு. பிள்ளைகள் அவற்றை வியப்பூட்டும் வேகத்தில் கற்றுக்கொள்கிறார்கள். மொழியியலில் இதைப் பதிவேட்டுத் திறன் என்போம். சூழலுக்கேற்ற மொழிநடையைக் கைவரப்பெறுதல். எந்த நடை முதலில் கைவருகிறது என்பதே என் கேள்வி. ‘அரசின் பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’, ‘கேள்வி எழவில்லை’, ‘தனி அறிவிப்பு வேண்டும்’ ஆகிய தொடர்களை நோக்குங்கள். முதல் இரண்டிலும் செய்பவர் யார் என்பது சொல்லப்படவில்லை. மூன்றாவதில் கேள்வியே தானாக எழாமல் போய்விட்டதுபோல் ஒரு தோற்றம். தமிழில் செயப்பாட்டு வினை பேச்சு வழக்கில் அருகியே வரும் என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோம். அலுவலகத் தமிழிலும் அலுவலக இந்தியிலும் அது செழித்து வளர்வதன் காரணம் இலக்கணத்துக்குள் இல்லை. விடை சொல்லாமல் விடை சொல்வதற்கு அது வசதியான உறுப்பு. கேட்கும் நடைக்கோ இத்தகைய ஆயத்தத் தொடர்கள் மிகக் குறைவு. நல்ல துணைக்கேள்வி என்பது அமைச்சரின் விடையைக் காதில் வாங்கி, அதில் உள்ள இடைவெளியைக் கண்டு, அந்தக் கணத்தில் பிறப்பது. எழுத்துருவில் முன்கூட்டியே எழுதப்பட்ட துணைக்கேள்வி துணைக்கேள்வியே அன்று. ஆகவே எங்கள் அரங்கில் தட்டிக்கழிக்கும் மொழி முழுமையாகக் கற்பிக்கப்பட்டது. கேட்கும் மொழி கற்பிக்கப்படவில்லை.

எந்த மொழியில் என்பதும் இதனுள் அடங்கிய சிக்கல். அரசமைப்பின் 120ஆம் உறுப்பு நாடாளுமன்ற அலுவலை இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடத்தச் சொல்கிறது. இவ்விரண்டிலும் தம் கருத்தைத் தெளிவாகச் சொல்ல இயலாத உறுப்பினர் அவைத்தலைவரின் இசைவுடன் தாய்மொழியில் பேசலாம். பதினைந்தாண்டுகளுக்குப் பின் ஆங்கிலம் விலகிவிடும் என்று அதே உறுப்பு எதிர்பார்த்தது. 1963இன் அலுவல்மொழிச் சட்டத்தால்தான் அது விலகவில்லை. மாநிலங்களவையில் 22 மொழிகளுக்கும் உடனடி மொழிபெயர்ப்பு வசதி ஏற்பட 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியவர்களின் அவையில் இசைவு பெற்றேனும் திறக்கும் அந்தக் கதவு எங்கள் மாதிரி அவையில் இருக்கவே இல்லை. ‘மானனீய அத்யக்ஷ் மஹோதய்’ என்பதன் மஹோதய் மீது அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்று எனக்கு மூன்று நாள் பயிற்சி தரப்பட்டது. வடகிழக்கிலிருந்து வந்திருந்த தோழி ஒருத்தியின் உச்சரிப்பு சரிவரவில்லை என்று அவளுக்கு இரங்கல் குறிப்பின்போது எழுந்து நிற்கும் வேடம் தரப்பட்டது. பேச்சே இல்லாத வேடம். அவள் எங்கள் வகுப்பில் அரசியல் செய்திகளை மிகக் கூர்ந்து படிப்பவள்.

ஒத்திகை எப்போதுமே இப்படி வலுவற்றதாக இருந்ததா என்றால், இல்லை. இந்தியாவில் ஒத்திகை முதலில் வந்தது. அரங்கு பின்னர்தான் வந்தது. இந்தியர் எவரும் சட்டமியற்றும் அவையில் அமர்வதற்கு நெடுங்காலம் முன்னரே மாணவர்கள் விவாத அவைகளை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1826இல் ஆசிரியராகச் சேர்ந்தபோது டிரோசியோவுக்கு வயது பதினேழு. அவரைச் சூழ்ந்திருந்த மாணவர்கள் அவரைவிடச் சில ஆண்டுகளே இளையவர்கள். 1828இல் அவர்கள் அமைத்த கல்விக் கழகத்தில் ஊழ், தன்விருப்பு, உருவ வழிபாடு என எதையும் இரு தரப்பாக நின்று வாதிட்டார்கள். நகரம் அதிர்ந்தது. 1831இல் டிரோசியோ கல்லூரியை விட்டு விலக்கப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில், 22 வயதில், வாந்திபேதியில் இறந்தார்.

அவருடைய மாணவர்கள் கலைந்துவிடவில்லை. 1838இல் பொது அறிவு ஈட்டும் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கல்லூரியின் மண்டபத்திலேயே அது கூடியது. 1843 பிப்ரவரி 8 அன்று தட்சிணாரஞ்சன் முகர்ஜி, வங்காளத்தில் கம்பெனி அரசின் குற்றவியல் நீதிமுறையும் காவல்துறையும் இருந்த நிலை பற்றி ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தார். கல்லூரியின் பொறுப்பிலிருந்த கேப்டன் ரிச்சர்ட்சன் குறுக்கிட்டு, இம்மண்டபம் அரசத்துரோகத்தின் உறைவிடமாவதைத் தம்மால் அனுமதிக்க இயலாது என்ற பொருள்படப் பேசினார். தலைமையிருக்கையில் இருந்தவர் தாராசந்த் சக்கரவர்த்தி. அவர் சொன்னதன் சாரம் இது: ரிச்சர்ட்சன் இங்கே ஒரு பார்வையாளர், சங்கத்தின் உறுப்பினர் பேசும்போது குறுக்கிட அவருக்கு உரிமையில்லை, சொன்னதைத் திரும்பப் பெறாவிட்டால் சங்கம் கல்லூரிக் குழுவிடமும் தேவையானால் அரசிடமும் முறையிடும். கல்லூரி ரிச்சர்ட்சனுடையது. மண்டபம் அவர் இசைவால் கிடைத்தது. அரசும் அவர் இனத்தாருடையது. தாராசந்தின் கையில் இருந்தது தலைமையிருக்கையின் மரபு ஒன்றே. கூட்டத்தில் தலைவர் இருக்கும்போது தலைவரை விளித்தே பேச வேண்டும், உறுப்பினர் பேசும்போது பிறர் குறுக்கிடக் கூடாது என்னும் ஆங்கிலேயரின் அவை மரபை ஆங்கிலேயரிடமே அவர் செலுத்திக் காட்டினார். சங்கம் அந்த மண்டபத்தை விட்டு வெளியேறி வேறிடத்தில் கூடியது. அதே ஆண்டு ஏப்ரலில் வங்காள பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் தோன்றியபோது இவ்வணியினர் அதன் முன்னணியில் நின்றார்கள்.

நடைமுறை என்பதை நான் இந்நிகழ்ச்சியின் வழியாகத்தான் புரிந்துகொள்கிறேன். எங்கள் போட்டியில் நடைமுறை என்பது மதிப்பெண்ணுக்குரிய தலைப்பு. எங்கே எழ வேண்டும், எங்கே அமர வேண்டும் என்பதன் பட்டியல். 1843இல் அது வலிமையற்றவரின் கையில் இருந்த ஒரே கருவி.

பம்பாயில் கதை வேறு திசையில் சென்றது. எல்பின்ஸ்டன் நிறுவனத்தின் மாணவர்கள் 1848இல் அமைத்த இலக்கிய, அறிவியல் சங்கத்தில் கட்டுரை வாசிப்பும் விவாதமும் நடந்தன. பெண்கல்வி பற்றி விவாதித்தவர்கள் விவாதத்தோடு நிற்காமல் 1849இல் தாமே பெண்களுக்கான பள்ளிகளைத் திறந்து, ஊதியமின்றிக் கற்பித்தார்கள். அவர்களுள் ஒருவரான தாதாபாய் நவுரோஜி 1892இல் பின்ஸ்பரி மத்தியத் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் மக்களவைக்குத் தேர்வானார். மாணவர் சங்கத்திலிருந்து நேரே நாடாளுமன்றத்துக்குப் பாதை இருந்தது என்று சொல்லமாட்டேன். இடையில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. ஆனால் அச்சங்கத்தில் பேசப்பட்ட ஒன்று அடுத்த ஆண்டே ஊரில் ஒரு பள்ளியாக நின்றது.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் இந்த மரபு அரசின் போட்டியில் தொடரவில்லை. வேறு இடங்களில் தொடர்ந்தது. இராசத்தானின் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவில், 1972இல் தொடங்கிய சமூகப் பணி ஆய்வு மையம், பகலில் ஆடுமாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தியது. அப்பள்ளிகளின் பிள்ளைகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பால் சன்சத் 1993இல் உருவானது. அதில் பிரதமர் உண்டு, அமைச்சர்கள் உண்டு. அவர்கள் பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர் உரிய நேரத்தில் வருகிறாரா, விளக்கு எரிகிறதா, குடிநீர் இருக்கிறதா என்று பார்த்து, பெரியவர்களிடம் முறையிடுவார்கள். மையத்தின் நிறுவனர் பங்கர் ராய் தம் உரைகளில் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. காலையில் இருபது ஆடுகளை மேய்த்து மாலையில் பிரதமராக இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, பரிசு ஒன்றைப் பெறச் சுவீடன் சென்றாள். அந்நாட்டு அரசியார், இவளுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று உடனிருந்தவரிடம் வினவினார். தான் பிரதமர் என்று அரசியாரிடம் சொல்லும்படி அச்சிறுமி கேட்டுக்கொண்டாளாம். அவையோர் சிரிப்பார்கள். ஆஸ்டினும் சிரித்திருக்கக் கூடும். ஆனால் அவள் பார்த்து எழுதிய ஆசிரியரின் வருகைப்பதிவு உள்ளீடற்றது அன்று.

கருநாடகத்தின் குந்தாப்புரம் வட்டாரத்தில் நடந்தது இன்னும் ஆழமானது என்பது என் கருத்து. உழைக்கும் சிறார் தாமே உறுப்பினராக இருந்த பீம சங்கம் 1990இல் உருவானது. 1990களின் நடுப்பகுதியில் அவ்வட்டாரத்து ஊர்களில் மக்கள மக்களாட்சி என்று நாம் சொல்லாடக்கூடிய ஒன்று தொடங்கியது. கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் பிள்ளைகள். நாம் மக்கள் என்று எல்லாரையும் குறிக்கும் சொல்லுக்கும் பிள்ளைகள் என்ற பொருள் பழந்தமிழில் முதன்மையாகவே இருந்தது. கன்னடம் அதைக் கைவிடவில்லை. மக்கள பஞ்சாயத்து என்பது பிள்ளைகளின் ஊராட்சி. அதில் பேசப்பட்டவை மழைக்காலத்தில் ஓடைகளைக் கடக்க நடைபாலம், விறகு, குடிநீர், பள்ளிக்கு வெகுதொலைவு நடப்பது போன்றவை. ஓடை பெருகினால் பெரியவர் ஒருநாள் வேலையை இழப்பார். பிள்ளை பருவம் முழுதும் பள்ளியை இழக்கும். இது ஊராட்சியின் கணக்கில் இல்லாதிருந்த செய்தி. 2006இல் கருநாடக அரசு, ஊராட்சிதோறும் மக்கள கிராமசபையைக் கூட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. அதாவது, கேள்வி கேட்பவர் பிள்ளையாக இருந்தாலும் விடையளிப்பவர் நடிகர் அல்லர். உண்மையான ஊராட்சித் தலைவர். ஒரு பக்கம் மட்டும் உண்மையானால் போதும், அவை உயிர்பெற்றுவிடுகிறது.

பெரியவர்களே மாதிரி அவையை ஆயுதமாக்கிய காட்சியையும் நாம் அண்மையில் கண்டோம். 2021 சூலையில் நாடாளுமன்றம் கூடியிருந்தபோது, அதற்கு அருகே ஜந்தர் மந்தரில் நாள்தோறும் ஏறத்தாழ இருநூறு உழவர்கள் கிசான் சன்சத் நடத்தினார்கள். அவைத்தலைவர், கேள்வி நேரம், தீர்மானம் எல்லாம் இருந்தன. ஒரு நாள் முழுவதும் பெண்களே அவையை நடத்தினார்கள். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று இராசத்தான் சட்டமன்றத்தின் உண்மையான அரங்கில், உண்மையான இருக்கைகளில், பல மாநிலங்களிலிருந்து வந்த ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் அமர்ந்து கேள்வி நேரம் நடத்தினார்கள். ஒன்றில் அவைநடை உண்மை, அரங்கு போலி. மற்றொன்றில் அரங்கு உண்மை. எதன் பேச்சுக்கு எடை மிகுதி என்பதை மாணவ நண்பர்கள் பின்னூட்டத்தில் வாதிடலாம். எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

ஆய்வின் பொருட்டுக் கருநாடகத்தின் ஊராட்சி ஒன்றில் மக்கள கிராமசபைக்குப் பார்வையாளராகச் சென்றிருந்தேன். அழகுபடுத்தி எழுத விரும்பவில்லை. பாதி நேரம் பெரியவர்களின் உரை, மாலை, குழுப்படம். பிள்ளைகள் வெயிலில் அமர்ந்திருந்தார்கள். ஆணை இருப்பதால் கூட்டம், கூட்டம் இருப்பதால் அறிக்கை என்றுதான் பெரும்பகுதியும் நகர்ந்தது. இறுதியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, பள்ளிக்குச் செல்லும் வழியில் தெருவிளக்கு இல்லை, மாலை வகுப்பு முடிந்து வரும்போது அச்சமாக இருக்கிறது என்றாள். அதிகாரி ‘நோடோணா’ என்றார். நம் ‘பார்ப்போம்’தான். தனி அறிவிப்பின் கன்னட வடிவம் என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் அமரவில்லை. சென்ற ஆண்டும் பார்ப்போம் என்றீர்கள், இவ்வாண்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். செயலர் எழுதினார். என்ன எழுதினீர்கள், படித்துக் காட்டுங்கள் என்றாள். அவர் படித்தார். கம்பத்தின் எண் விடுபட்டிருந்தது. அவள் அதைச் சொல்லி, எழுதும் வரை நின்றுவிட்டு, பிறகு அமர்ந்தாள்.